குழந்தைக்கு ஏஎம்எல்: குரோமோசோம் ரிப்போர்ட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் குழந்தைகளுக்கான ரத்தப் புற்றுநோய்ப் பிரிவுகளுக்கு ஈரோடு, திருப்பூர், கரூர், நாமக்கல், தாராபுரம், கோபி என்று எல்லாப் பக்கமிருந்தும் குடும்பங்கள் வருகின்றன. அட்மிஷன் ஆகி ஒரு வாரம், பத்து நாள் கழித்து ஒரு தாள் கைக்கு வரும்: சைட்டோஜெனடிக்ஸ் ரிப்போர்ட், அதாவது நோய்ச் செல்களின் குரோமோசோம்களைப் பரிசோதித்த முடிவு. அதைப் பார்த்து எழும் கேள்விகளுக்கு இங்கே பதில். இவை ஏஎம்எல்லுக்கு மட்டும்தான். ஏஎல்எல் (அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுக்கீமியா) என்ற இன்னொரு வகை ரத்தப் புற்றுநோயில் நல்லது கெட்டது கணக்கே வேறு. உங்கள் பிள்ளைக்கு வந்திருப்பது எது என்று முதலில் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏஎம்எல் என்றால் என்ன?

ரத்த அணுக்கள் எலும்பு மஜ்ஜையில் உருவாகின்றன. அங்கே மைலாய்டு வரிசையைச் சேர்ந்த இளம் செல்கள் முதிராமலே பெருகிக்கொண்டு போவது அக்யூட் மைலாய்டு லுக்கீமியா, சுருக்கமாக ஏஎம்எல். முதிராத அந்தச் செல்களுக்குப் பிளாஸ்ட் என்று பெயர். குழந்தைகளுக்கு வரும் அக்யூட் லுக்கீமியாவில் பெரும்பகுதி ஏஎல்எல். ஏஎம்எல் 15 முதல் 20 சதவீதம். உடம்பு வெளுப்பது, விடாத காய்ச்சல், ஈறில் ரத்தம், தோலில் சிவப்புப் புள்ளிகள் எல்லாம் இரண்டுக்கும் பொது. ஏஎம்எல்லில் சில பிள்ளைகளுக்கு ஒரு பக்கக் கண் பிதுங்கிக்கொண்டு வரும். கண் டாக்டரிடம் போய், அங்கிருந்து ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டு வருகிறவர்கள் உண்டு.

குரோமோசோமில் கோளாறு என்கிறார்களே, அப்படியென்றால் இது பரம்பரையாக வந்ததா?

பெரும்பாலும் இல்லை. லுக்கீமியா செல்லில் தெரியும் குரோமோசோம் மாற்றம், மஜ்ஜையில் ஏதோ ஒரு செல்லுக்குள் நடந்த விபத்து. அந்தச் செல்லிலிருந்து பெருகிய செல்களில் மட்டும்தான் அது இருக்கும். பிள்ளையின் தோலிலோ ஈரலிலோ இருக்காது. அம்மா அப்பாவிடம் தேடினாலும் கிடைக்காது. மாமன் மகளைக் கட்டியதால் வந்தது, அமுச்சி வழியில் யாருக்கோ இருந்தது என்று வீட்டில் நடக்கும் பஞ்சாயத்துக்கு இந்த ரிப்போர்ட்டில் ஆதாரம் கிடையாது.

சில மாற்றங்கள் பிள்ளை பிறப்பதற்கு முன்பே நடந்துவிடுகின்றன. வெளிநாடுகளில் பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி எடுத்த ரத்தத்தை அட்டையில் காயவைத்துப் பத்திரப்படுத்துவார்கள். பின்னாளில் ஏஎம்எல் வந்த சில பிள்ளைகளின் அட்டைகளைத் தேடி எடுத்துப் பார்த்தபோது, அவர்களுடைய டி(8;21) என்ற குரோமோசோம் மாற்றம் (கீழே விளக்கியிருக்கிறேன்) அந்தப் பழைய ரத்தப் பொட்டிலேயே இருந்தது. ஆனால் நோய் வரப் பல வருடம் ஆகியிருந்தது. அந்த ஒரு மாற்றம் மட்டும் போதவில்லை, பிறகு இன்னொன்றும் சேர வேண்டியிருந்தது. மாசமாக இருந்தபோது எதைச் சாப்பிட்டேன், கிரகணத்தன்று வெளியே போனேனா என்று தாய்மார்கள் தங்களையே குறுக்குக் கேள்வி கேட்டுக்கொள்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

விதிவிலக்கு உண்டு. ஃபேன்கோனி அனீமியா பெரும்பாலும் பெற்றோர் இருவரிடமிருந்தும் சேர்ந்து வரும் நோய். சொந்தத்தில் மணம் முடித்தவர்களின் பிள்ளைகளிடம் அதற்கான வாய்ப்பு கூடுதல். அது உள்ள பிள்ளைக்கு ஏஎம்எல் வரும் அபாயமும் அதிகம், வழக்கமான அளவு கீமோவை உடம்பு தாங்காது என்பதும் உண்மை. வயதுக்கேற்ற உயரம் இல்லை, கட்டைவிரல் சரியாக அமையவில்லை, தோலில் காப்பி நிறத் திட்டுகள் இருக்கின்றன என்றால் டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். அதற்குத் தனி டெஸ்ட் இருக்கிறது. வளர்ந்த பிள்ளையிடம் 7-ம் குரோமோசோமில் ஒன்று காணாமல் போயிருந்தால், காட்டா2 என்ற ஜீனில் பிறவிக் கோளாறு உண்டா என்றும் பார்ப்பார்கள். உண்டு என்றால் கூடப் பிறந்தவர்களையும் சோதித்தாக வேண்டும், ஏனென்றால் மஜ்ஜை தரப்போவது அவர்களில் ஒருவராக இருக்கலாம்.

டி(8;21) என்று போட்டிருக்கிறது. இதை எப்படிப் படிப்பது?

மனித செல்லில் 46 குரோமோசோம்கள், 23 ஜோடியாக. முதல் 22 ஜோடிக்கு எண்கள், கடைசி ஜோடிக்கு எக்ஸ், ஒய் என்ற எழுத்துகள். டி என்பது டிரான்ஸ்லொகேஷன், அதாவது இடமாற்றம். விசைத்தறி ஓட்டுகிறவர்களுக்குச் சட்டென்று புரியும். பாவில் இரண்டு இழைகள் அறுந்து, முடி போடும்போது இதன் நுனியை அதனோடும் அதன் நுனியை இதனோடும் மாற்றிக் கட்டிவிட்டால் எப்படியோ, 8-ம் குரோமோசோமும் 21-ம் குரோமோசோமும் அப்படி மாறிக் கட்டப்பட்டிருக்கின்றன. கட்டிய இடத்தில் இரண்டு ஜீன்கள் ஒட்டி ஒரு புது ஜீன் உருவாகிறது. செல் முதிர்வதைத் தடுப்பது அதுதான். இந்த 8;21 மாற்றத்தைச் சிகாகோவில் ஜேனட் ரௌலி என்ற பெண் மருத்துவர் 1973-ல் அறிவித்தார்.

முழு வரி இப்படி இருக்கும்: 46,எக்ஸ்ஒய்,டி(8;21)(க்யூ22;க்யூ22)[18]/46,எக்ஸ்ஒய்[2]. ஆண் குழந்தை, மொத்தம் 20 செல்களைப் பார்த்தார்கள், 18-ல் மாற்றம் இருக்கிறது, 2 சாதாரணமானவை என்று பொருள். பி என்பது குரோமோசோமின் குட்டைக் கை, க்யூ என்பது நீளக் கை, அடுத்து வருவது அறுந்த இடத்தின் எண். டெல் என்றால் ஒரு துண்டு காணவில்லை. இன்வ் என்றால் ஒரு துண்டு தலைகீழாகத் திரும்பியிருக்கிறது. கழித்தல் 7 என்றால் ஒரு 7 குறைவு, கூட்டல் 8 என்றால் ஒரு 8 கூடுதல். சதுர அடைப்பில் 18 இருந்தால் மோசம், 5 இருந்தால் பரவாயில்லை என்று கணக்குப் போடாதீர்கள். எந்த மாற்றம் என்பதுதான் முக்கியம்.

எது நல்லது, எது மோசம்?

எல்லோரும் கேட்க நினைப்பது இதைத்தான். மருத்துவர்கள் மூன்று கூறாகப் பிரிக்கிறார்கள்.

நல்ல பக்கம்: டி(8;21), இன்வ்(16), அதன் உடன்பிறப்பான டி(16;16). இவை கீமோவுக்கு, குறிப்பாகச் சைட்டராபின் மருந்துக்கு, நன்றாகக் கட்டுப்படும். முதல் கட்டத்திலேயே மஜ்ஜை மாற்று தேவைப்படுவது அரிது. டி(8;21) உள்ள ஆண் பிள்ளைகளிடம் ஒய் குரோமோசோம் காணவில்லை என்று கூடவே எழுதியிருப்பது வழக்கம்; அதைப் பார்த்துப் பதற வேண்டாம், நோயின் போக்கை அது கெடுப்பதில்லை. டி(15;17) தனிக் கதை, கீழே தனியாகச் சொல்கிறேன். குரோமோசோமில் தெரியாத ஜீன் மாற்றங்களில் என்பிஎம்1, செப்பா ஆகிய இரண்டும் நல்ல பக்கம்.

மோசமான பக்கம்: ஒரு 7 குறைவது, 5-ம் குரோமோசோமோ அதன் நீளக் கையோ இழப்பு, இன்வ்(3), டி(6;9), கைக்குழந்தைகளிடம் வரும் டி(7;12). ஃபிளிட்3 ஐடிடி என்ற ஜீன் மாற்றமும் தனியாக வந்தால் தொல்லை. என்பிஎம்1 கூட இருந்தால் அதன் கடுமை குறையும். இப்போது அதற்கென்றே மாத்திரைகளும் இருக்கின்றன, சொராஃபெனிப் அதில் ஒன்று.

நடுவில் நிற்பது 11க்யூ23. அந்த இடத்தில் இருக்கும் கேஎம்டி2ஏ என்ற ஜீன் பல குரோமோசோம்களோடு போய் ஒட்டும் குணமுள்ளது. கைக்குழந்தைகளின் ஏஎம்எல்லில் ஏறக்குறைய பாதி இந்த வகை. எதோடு ஒட்டியது என்பதைப் பொறுத்துத்தான் பலன். 9-ஓடு ஒட்டினால் நடுத்தரம். 6-ஓடும் 4-ஓடும் ஒட்டினால் கடுமை. 1-ஓடு, அதுவும் அதன் க்யூ21 இடத்தில் ஒட்டினால் நல்ல பக்கத்துக்கே போய்விடுகிறது. ஆகவே “11க்யூ23 பாசிட்டிவ்” என்று மட்டும் சொன்னால் நிற்காதீர்கள், ஜோடி எது என்று கேளுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. இன்வ்(16) என்ற பெயரில் இரண்டு இருக்கின்றன. பி13.1, க்யூ22 என்று எழுதியிருந்தால் நல்லது. பி13.3, க்யூ24.3 என்றால் அது முற்றிலும் வேறு. சிறு குழந்தைகளிடம் வரும், கடுமையானது, சாதாரணக் குரோமோசோம் டெஸ்ட்டில் கண்ணுக்கே தெரியாமல் போகக்கூடியது. கூகுளில் “இன்வ் 16” என்று தேடி நிம்மதியானவர்கள் அடைப்புக்குள் இருப்பதையும் ஒருமுறை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

டி(15;17) வந்தால் ஏன் எல்லோரும் அவசரப்படுகிறார்கள்?

அது ஏபிஎல் (அக்யூட் புரோமைலோசைடிக் லுக்கீமியா), ஏஎம்எல்லின் ஒரு பிரிவு. முதல் சில நாள்கள்தான் இதில் கண்டம். ரத்தம் உறையும் ஏற்பாடே குலைந்து மூளையிலோ நுரையீரலிலோ ரத்தக் கசிவு ஏற்படலாம். அதனால் ஏபிஎல் என்று சந்தேகம் வந்தாலே, ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் ஆட்ரா மாத்திரையைத் தொடங்கிவிடுவார்கள். ஆட்ரா வைட்டமின் ஏ-யின் ஒரு வடிவம். முதிராமல் நிற்கும் செல்லை முதிர வைக்கிறது. அந்த முதல் கட்டத்தைத் தாண்டிவிட்டால் ஏஎம்எல் வகைகளிலேயே நன்றாகக் குணமாவது இதுதான், 100 பேரில் 90 பேருக்கு மேல்.

கூட்டாளி மருந்து ஆர்செனிக் டிரையாக்சைடு. நம் ஊரில் வெள்ளைப் பாஷாணம் என்று பெயர் கேட்டாலே நடுங்குவோமே, அதே சரக்குதான். சீனாவில் ஹார்பின் நகர மருத்துவர்கள் 1970-களில் தொடங்கிய சோதனையை உலகம் பின்னர் ஏற்றுக்கொண்டது. ஆர்செனிக்கை மட்டுமே வைத்துக் குறைந்த செலவில் நீண்ட நாள் குணம் காட்ட முடியும் என்று நிறுவியதில் வேலூர் சிஎம்சி மருத்துவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 2006-ல் அவர்கள் வெளியிட்ட முடிவுகள் பல நாடுகளில் எடுத்துப் பேசப்பட்டன. இதைக் கேட்டுவிட்டு நாட்டு மருந்துக் கடையில் பாஷாணப் பற்பம் வாங்கப் போக வேண்டாம். மருத்துவமனையில் தரும்போது இதயத் துடிப்பு, பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாம் பார்த்துப் பார்த்துத் தருகிறார்கள்.

ரிப்போர்ட் நார்மல் என்று வந்திருக்கிறது. நோய் இல்லையா?

நோய் இருக்கிறது. குழந்தைகளின் ஏஎம்எல்லில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இப்படித்தான். மைக்ரோஸ்கோப்பில் தெரியாத மாற்றங்கள் ஜீன் அளவில் ஒளிந்திருக்கும். பிசிஆர், ஜீன் பேனல் போன்ற பரிசோதனைகள் அதற்காகத்தான். நார்மல் என்ற தாளோடு திருப்தி அடைந்து அடுத்த டெஸ்ட்டை மிச்சம் பிடிக்காதீர்கள்.

“கல்ச்சர் ஃபெயில்” என்று எழுதியிருக்கிறார்கள். என்ன செய்வது?

குரோமோசோமைப் பார்க்க வேண்டுமென்றால் செல் உயிரோடு இருந்து, பிளவுபடும் நொடியில் பிடிபட வேண்டும். லேபில் ஒன்றிரண்டு நாள் வளர்த்து, பிளவை நடுவில் நிறுத்தும் மருந்தை ஊற்றுவார்கள். அந்த மருந்து கோல்ச்சிசின் அல்லது அதன் இனமான கோல்செமிட். கோல்ச்சிசின் எடுக்கப்படும் செடிகளில் ஒன்று மூலனூர், தாராபுரம், அரவக்குறிச்சிப் பக்கம் பந்தல் போட்டு வளர்க்கிறார்களே, அந்தக் கண்வலிக்கிழங்கு, செங்காந்தள். 1956-ல் மனித குரோமோசோம் 46 என்று சரியாக எண்ணியவர்களும் கோல்ச்சிசினைத்தான் கையாண்டார்கள். (கிழங்கும் விதையும் உயிர்கொல்லி விஷம் என்பது அந்தப் பக்கத்து விவசாயிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.)

சாம்பிள் வழியில் சூடாகிவிட்டாலோ, உறைந்துவிட்டாலோ, தாமதமாகப் போனாலோ செல் செத்துவிடும். சித்திரை வெயிலில் கூரியர் வண்டியில் கிடந்தால் கேட்க வேண்டாம். கூடுமானவரை 24 மணி நேரத்துக்குள் லேபை அடைவது நல்லது. குரோமோசோம் டெஸ்ட்டுக்குப் பச்சை மூடி போட்ட ஹெப்பாரின் குழாய், பிசிஆருக்கு ஊதா மூடிக் குழாய்; மாறிவிட்டால் சிக்கல். ஃபெயில் ஆனாலும் வழி அடைபடவில்லை. ஃபிஷ் என்ற டெஸ்ட்டுக்கும் பிசிஆருக்கும் பிளவுபடும் செல் தேவையில்லை, இரண்டு மூன்று நாளில் பதில் கிடைக்கும்.

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைக்க முடியுமென்றால் இதை வையுங்கள்: மஜ்ஜை சாம்பிள் கீமோ தொடங்கும் முன் எடுக்கப்பட வேண்டும். ஊரில் சின்ன ஆஸ்பத்திரியில் இரண்டு டோஸ் போட்டுவிட்டுப் பெரிய இடத்துக்கு அனுப்பினால் பிளாஸ்ட்டுகள் குறைந்து, எந்த வகை என்ற தடயமே அழிந்துபோகலாம். பிறகு எந்த டெஸ்ட் எடுத்தாலும் அந்தப் பதில் திரும்பாமல் போகலாம். மாற்றுவதாக இருந்தால் மருந்து ஆரம்பிக்கும் முன் மாற்றுங்கள். அவசரத்தால் இங்கேயே தொடங்கித்தான் ஆக வேண்டுமென்றால், சாம்பிளை முதலில் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

எங்கள் பிள்ளைக்கு எத்தனை சதவீதம் வாய்ப்பு?

வசதியான நாடுகளில் ஏஎம்எல் வந்த குழந்தைகளை மொத்தமாக எடுத்தால் 100-ல் 65 முதல் 70 பேர் பிழைக்கிறார்கள். நல்ல பக்கத்து மாற்றங்களில் அது 80-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ போகும்; மோசமான பக்கத்தில் பாதிக்கும் கீழே இறங்கலாம். இந்த எண்களை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. நம்மிடம் கிருமித் தொற்றில் போகிற பிள்ளைகள் அதிகம். பணமில்லாமல் பாதியில் சிகிச்சையை விட்டுப் போகிறவர்களும் உண்டு. நல்ல குரோமோசோம் உள்ள பிள்ளையைக் காய்ச்சலில் இழப்பதுதான் இதில் மிகக் கொடுமை, ஏனென்றால் அது பெரும்பாலும் தவிர்க்கக்கூடியது.

அதனால் குரோமோசோம் நல்லதோ கெட்டதோ, ஒவ்வொரு கீமோ சுற்றுக்கும் பின் வெள்ளை அணுக்கள் தரைதட்டும் அந்த இரண்டு மூன்று வாரம் விழிப்பாக இருக்க வேண்டும். வழக்கமாக இப்படி நான்கைந்து சுற்றுகள். தெர்மாமீட்டரில் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் மாத்திரை கொடுத்துக் காலை வரை பார்ப்போம் என்று இருக்கக் கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். தாளவாடி, வால்பாறை, பர்கூர் மலை என்று தூரத்தில் இருப்பவர்கள் அந்த வாரங்களில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்குவதே மேல். காசு போகிறதே என்று தோன்றும். இருந்தாலும் போகட்டும்.

குரோமோசோம் மோசம் என்று வந்துவிட்டது. முடிந்ததா?

இல்லை. அந்தத் தாள் முதல் நாள் எடுத்த கணிப்பு. அடுத்த பெரிய கேள்வி, முதல் சுற்று கீமோவுக்கு நோய் எப்படிக் கட்டுப்பட்டது என்பது. எம்ஆர்டி என்ற டெஸ்ட் ஆயிரத்தில் ஒரு செல் அளவுக்கு மிச்சமிருந்தாலும் காட்டிவிடும். 0.1 சதவீதத்துக்குக் கீழே வந்திருந்தால் நல்ல செய்தி. குரோமோசோமும் எம்ஆர்டியும் சேர்ந்துதான் அடுத்த முடிவு: கீமோவோடு நிறுத்தலாமா, மஜ்ஜை மாற்றுக்குப் போகலாமா என்று. மோசமான மாற்றம் உள்ள பிள்ளைக்கு முதல் ரெமிஷனிலேயே (நோய் முதல் முறை அடங்கியிருக்கும்போதே) மாற்று செய்யச் சொல்வது அவர்களைக் கைவிட்டதால் அல்ல. நோய் திரும்பிய பிறகு செய்வதைவிட அப்போது செய்தால் பலன் கூடுதல் என்பதால்.

மஜ்ஜை மாற்று என்றால் யார் தருவது?

ஒரே தாய் தந்தைக்குப் பிறந்த ஒவ்வொருவரும் முழுமையாகப் பொருந்த 25 சதவீத வாய்ப்பு. பொருந்தாவிட்டால் பாதிப் பொருத்தத்தில் அம்மாவோ அப்பாவோ தரும் முறையும் இப்போது நடக்கிறது. மாற்று வரலாம் என்று டாக்டர் வாய் திறந்த அன்றிலிருந்து நெருங்கிய சொந்தங்களின் ரத்தத்தையும் பிளேட்லெட்டையும் அந்தப் பிள்ளைக்கு ஏற்றாதீர்கள். பின்னால் மஜ்ஜையை உடம்பு நிராகரிக்கக் காரணமாகலாம். பெரியப்பா, சித்தப்பா எல்லாம் ஆசையாக வந்து நிற்பார்கள். அவர்களை ரத்த வங்கிக்குத் தரச் சொல்லி, பிள்ளைக்கு வேறொருவருடையதை வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்கள் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம். இரட்டைச் சுமையா?

ஆச்சரியமான விஷயம், இங்கே நேர்மாறு. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்கு ஏஎம்எல் வரும் வாய்ப்பு அதிகம்தான். ஆனால் 4 வயதுக்குள், காட்டா1 ஜீன் மாற்றத்தோடு வருவது மருந்துக்கு மிக நன்றாகப் பணியும். கீமோவின் அளவையே குறைத்துத் தருகிறார்கள், ஏனென்றால் பக்க விளைவு இவர்களுக்குக் கூடுதல். பிறந்த சில நாளில் லுக்கீமியா போலவே தோன்றித் தானாக மறையும் ஒரு நிலையும் இவர்களுக்கு உண்டு. அப்படி இருந்தவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்குப் பின்னாளில் உண்மையான ஏஎம்எல் வரலாம் என்பதால், அந்தச் சில வருடம் ரத்தப் பரிசோதனையை விடாமல் எடுக்க வேண்டும்.

சாயத் தண்ணீராலா? பூச்சிமருந்தாலா?

நொய்யல் கரையில் இருப்பவர்கள் இதைக் கேட்காமல் இருக்க மாட்டார்கள். 2011-ல் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச் சொன்ன அளவுக்கு ஆறு கெட்டிருந்தது உண்மை. பென்சீன், கதிர்வீச்சு, வேறு புற்றுநோய்க்குத் தந்த சில கீமோ மருந்துகள் ஆகியவை ஏஎம்எல்லுக்குக் காரணமாகலாம் என்பது உறுதியானது. பூச்சிமருந்துக்கும் குழந்தை லுக்கீமியாவுக்கும் தொடர்பு காட்டும் ஆய்வுகள் இருக்கின்றன. ஆனால் ஒரு தனிப் பிள்ளைக்கு இதனால்தான் வந்தது என்று குரோமோசோம் ரிப்போர்ட்டை வைத்து எவராலும் சொல்ல முடியாது. ஆற்றுக்காகப் போராட வேறு காரணங்கள் ஏராளம் இருக்கின்றன.

மஞ்சள், பப்பாளி இலைச் சாறு கொடுக்கலாமா?

குழம்பில் போடும் ஈரோட்டு மஞ்சள் தாராளமாக. குர்குமின் மாத்திரை, இலைச் சாறு, லேகியம் எதுவும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். வெள்ளை அணு குறைந்திருக்கும்போது பச்சைச் சாறும், பழைய கூழும், வெளியில் வெட்டிய பழமும் கிருமிக்கு வாசல்.

செலவு?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆண்டு வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரத்துக்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். ஜீன் பரிசோதனைக்கான செலவு அதில் அடங்குமா என்பதை முன்கூட்டியே ஆஸ்பத்திரிக் காப்பீட்டுப் பிரிவில் கேட்பது நல்லது.

கோவையிலேயே பார்க்கலாமா, வேலூருக்கோ சென்னைக்கோ போக வேண்டுமா?

கீமோவைப் பொறுத்தவரை குழந்தைப் புற்றுநோய் நிபுணர், பிளேட்லெட் தரும் ரத்த வங்கி, குழந்தைகள் ஐசியூ மூன்றும் ஒரே இடத்தில் இருந்தால் பக்கத்து ஊரே சிறந்தது. மஜ்ஜை மாற்றுக்கோ குழப்பமான ரிப்போர்ட்டுக்கோ இரண்டாவது கருத்து கேட்கப் போவதில் தவறில்லை. எந்த டாக்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார். கோவையிலிருந்து சென்னை போகும் பல ரயில்கள் காட்பாடியில் நிற்கும். புற்றுநோயாளிக்கும் கூடப் போகிறவருக்கும் ஆஸ்பத்திரிச் சான்றிதழ் காட்டினால் கட்டணச் சலுகை உண்டு.

போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. முதல் நாள் ரத்த ரிப்போர்ட், ஃபுளோ சைட்டோமெட்ரி (செல்லின் வகையைக் காட்டும் டெஸ்ட்), கேரியோடைப் (குரோமோசோம் ரிப்போர்ட்), ஃபிஷ், பிசிஆர், எம்ஆர்டி, இதுவரை எந்த மருந்து எவ்வளவு ஏறியது என்ற கணக்கு, முடிந்தால் மஜ்ஜை ஸ்லைடுகள் எல்லாம் வேண்டும். வாட்ஸ்அப் போட்டோவில் 16-ம் 18-ம் ஒன்றுபோலத் தெரியும். லேபிடம் பிடிஎஃப் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.